லாம்ப்ரோஸ் கழுவட்டும்

தியமாந்தோ சாகும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாய் சரியாகத் திறக்கவில்லை, பல்லிடுக்கு வழியாகத்தான் சொன்னாள்: "லாம்ப்ரோஸ் கழுவட்டும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை ஆசிமினாவுக்கு அது போதும், புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் போய் மூன்று வருஷம் ஆனதும் எலும்பை வெளியே எடுப்பார்கள். மதுவில் கழுவுவார்கள். பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்து அறையில் அடுக்குவார்கள். கழுவுகிற கை சொந்த ரத்தமாக இருக்க வேண்டும். தியமாந்தோவுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் தொதோரிஸ் கல்யாணம் முடிந்த சூட்டோடு லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது தம்பியும் தங்கையும். அந்தத் தம்பி அவளோடு பேசி வருஷக்கணக்காகியிருந்தது. அவள் சாவுக்கும் அவன் வரவில்லை. பூ வளையம் ஒன்று வந்தது. அதன் ரிப்பனில் பெயர்கூட இல்லை.

கிரேக்க நாட்டு மலையூரான எங்கள் கஸ்தானியாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. குடும்பப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரனே முழிப்பான். பட்டப்பெயரைச் சொன்னால் ஆட்டுக்குட்டிகூட வழி காட்டும். இவர்களுடையது பல்கடி வீடு. தாத்தா ஸ்திலியானோஸைப் போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் சுவரோரம் நிறுத்தி விசாரித்தபோது, மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல் சொல்லாமல் நின்றானாம். அவன் மகன் அரிஸ்திதிஸ் ஓர் அத்திமரத்துக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு பேச்சை விட்டவன். அண்ணன் சவப்பெட்டியில் கிடந்த அன்றும் பல்லைக் கடித்தபடி வாசலோடு திரும்பிவிட்டான். அரிஸ்திதிஸுக்கும் பகோனாவுக்கும் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவள் தியமாந்தோ, நடுவில் லாம்ப்ரோஸ், கடைக்குட்டி ஆசிமினா. மூன்றும் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கும். "எங்க வீட்டுல எலி எதுக்கு, இதுங்க மூணே போதும்" என்பாள் பகோனா.

பகோனா எந்நேரமும் திராட்சைத் தோட்டத்தில் கிடந்தாள். அதனால் லாம்ப்ரோஸை வளர்த்தது தியமாந்தோதான். அவளே அப்போது சின்னப் பெண். காய்ந்த ரொட்டியைத் தன் வாயில் போட்டு மென்று, கூழாக்கி, பல் முளைக்காத தம்பி வாயில் வைப்பாள். ஊர்க் கிழவிகள் இதைச் சொல்லி லாம்ப்ரோஸைக் கேலி செய்வார்கள். "உனக்கு என்னடா, அக்கா மென்னு கொடுத்த உடம்பு." பெரியவனாகி, மீசை முளைத்து, பாத்ரா நகரத்து ஓரத்தில் கறிக்கடை போட்ட பிறகும் அவனுக்கு அதைக் கேட்டால் முகம் சிவக்கும். ஆனால் சந்தோஷப்படுவான்.

அப்படி இருந்தவர்கள் ஓர் ஈஸ்டரில் பிரிந்தார்கள்.

லாம்ப்ரோஸ் என்று பெயர் வைத்தவனுக்கு ஈஸ்டர்தான் பெயர்நாள், பிறந்தநாளைப்போலக் கொண்டாடுவது. எல்லோருக்கும் ஒரு பண்டிகை என்றால் அவனுக்கு இரண்டு. அந்த வருஷம் மூன்றாகிவிட்டது. மகளுக்குச் சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் ஏயோ ஊரிலிருந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். விடியற்காலையிலிருந்து கம்பியில் கோத்த ஆட்டை அவனே சுற்றினான். எலுமிச்சையும் எண்ணெயும் அவனே தடவினான். விலாவை ஒட்டி முறுகியிருந்த துண்டை, வீட்டுக்காரனே தின்ன ஆசைப்படும் துண்டை, தன் கத்தியால் வெட்டித் தியமாந்தோவின் தட்டில் வைத்தான்.

தியமாந்தோ ஒரு வாய் எடுத்தாள். ஒரு கடி கடித்தாள். அவள் முகம் சுண்ணாம்பாகிப்போனது. கைக்குட்டையை வாயில் வைத்துத் துடைப்பதுபோலத் துப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மேஜைக்கு அடியில் கையை விட்டாள். பூனை வந்தது. தட்டும் காலியானது.

பார்த்தவள் சம்பந்தி அம்மாள். "உங்க அக்காவுக்கு எங்க சம்பந்தம் பிடிக்கலையோ என்னவோ" என்றாள் சிரித்தபடி. அந்தச் சிரிப்பு கத்தியைவிடக் கூர்.

லாம்ப்ரோஸ் எழுந்தான். "தியமாந்தோ, கறியில என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லடா. பசிக்கலை."

"நோன்பு முழுக்க பீன்ஸும் கீரையும் தின்னவளுக்கு ஈஸ்டரன்னிக்குப் பசிக்கலையா?"

"பசிக்கலைன்னா விடேன்டா."

"பூனைக்கு நல்லாப் பசிக்குதுபோல. என் பேர்நாள்ல, என் சம்பந்திங்க முன்னாடி, என் கையால வெட்டி வெச்ச துண்டு பூனைக்கா?"

தியமாந்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காதுக்கு முன்னால் கையை வைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள். "பல்கடி வீட்டுப் பொம்பளை வாயத் திறப்பாளா?" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, முற்றமே சிரித்தது. எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் கையால் வைத்த உணவை ஒதுக்கினால் அவனையே ஒதுக்கியதாகத்தான் அர்த்தம். அதற்கு வேறு அர்த்தம் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. ராங்கிக்காரி என்றார்கள்.

தாடை வலிக்கிறது என்று அவள் முன்பு சொல்லாமலும் இல்லை. டவுனில் ஒரு பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். இரண்டும் நல்ல பல். வலி போகாததால் இன்னொரு டாக்டரிடம் போனாள். "நரம்புத் தளர்ச்சி அம்மா, தனியா இருக்கிற பொம்பளைங்களுக்கு வரும்" என்று தூக்க மாத்திரை கொடுத்தார் அவர். அது ஊருக்குத் தெரிந்து, கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள்: "வலி தாடையில இல்லடி, படுக்கையில." அன்றோடு தியமாந்தோ வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள், தங்கையிடம்கூட.

இனி ஆசிமினாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அவள் பாத்ராவில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அங்கே புரொபசர் எரிஃபிலி அம்மாள் தாடை மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். மனிதர் தாடைக்கு எங்கே போவது? பன்றித் தாடைதான் அதற்கு மிகவும் கிட்ட வரும். பன்றித் தலைகளைக் கொண்டுவந்து தருவது லாம்ப்ரோஸ். அறுத்த அன்றே ஐஸில் வைத்து, வாரம் ஒருமுறை வேனில் பின்கதவுக்கு வருவான். "இந்தா, உன் மாணவர்கள் வந்துட்டாங்க" என்பான். ஆசிமினா சிரிப்பாள். அண்ணனும் தங்கையும் பின்கதவில் நின்று காப்பி குடிப்பார்கள். இளம் பன்றியா, தாடையில் அடிபட்டிருக்கிறதா என்று அவனே பார்த்துப் பொறுக்கிக் கொண்டுவருவான். பிறந்ததிலிருந்து கத்தி பிடித்த கை. கட்டைவிரலை மூட்டில் வைத்தாலே அவனுக்குத் தெரியும்.

ஆசிமினா தலையைப் பிளந்து, காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டைத் திறப்பாள். கீழ்த்தாடையின் குமிழையும், அதன்மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் மெல்லிய தகட்டையும் சிதையாமல் எடுப்பாள். உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றுவாள், காய்ந்தால் கதை முடிந்தது. பிஸ்கட் அச்சுபோல ஒரு சின்னக் கருவியால் பொட்டளவு வட்டம் வெட்டி இயந்திரத்து மேடையில் வைப்பாள். உலோக விரல் ஒன்று இறங்கி அழுத்தும். அழுத்தி அப்படியே நிற்கும். திரையில் கோடு விர்ரென்று ஏறும். அப்புறம், படியிறங்கும் கிழவியைப்போல மெல்ல மெல்ல இறங்கும். குருத்தெலும்பு முதலில் எதிர்க்கிறது, பிறகு உள்ளிருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இணங்குகிறது என்று அர்த்தம். விரலை எடுத்தால் ரப்பர் துள்ளி எழும், களிமண் அமுங்கியபடியே கிடக்கும். இது இரண்டுமில்லை. நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, யோசித்து யோசித்து எழும். அடுத்து விரல் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும். கொடுத்த பலத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது, எவ்வளவைத் தனக்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறது என்று அதில் தெரியும்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டா அது உலோகம், ஆசிமினா. எல்லாத்தையும் விழுங்கிட்டா அது தேன். நம்ம மூட்டு நடுவுல நிக்குது" என்பார் புரொபசர். இன்னொன்றும் சொல்வார்: "இந்த மூட்டு தேயற நோய் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். சொல்லவும் மாட்டாங்க, சொன்னா நம்பவும் மாட்டாங்க." ஆசிமினா தலையாட்டுவாள். அந்தப் பொம்பளைகள் அவள் மனசில் வேறு எங்கோ, வேறு ஊரில், புரொபசருடைய கட்டுரைகளில் இருந்தார்கள்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா வீட்டில் தங்குவாள். தியமாந்தோ சூப் வைப்பாள். தனக்கு ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்து, அது நைந்து கரையும்வரை காத்திருப்பாள். ஒருநாள் அப்படிக் காத்திருக்கும்போது கேட்டாள்.

"அப்படி என்னதான்டி அந்தப் பன்னி வாய்க்குள்ள தேடுறீங்க?"

"தேடலக்கா. அமுக்கிப் பாக்குறோம்."

"அமுக்குனா?"

"இறங்கிக் கொடுக்கும்."

"விட்டா?"

"எழும். ஆனா நேரம் கொடுக்கணும்."

"நேரமே கொடுக்காம அமுக்கிக்கிட்டே இருந்தா?"

"தேஞ்சு கிழிஞ்சுபோகும். அப்புறம் எலும்பு மேல எலும்புதான்."

தியமாந்தோ கரண்டியால் ரஸ்க்கை அழுத்தினாள். "பாவம், பன்னி" என்றாள்.

"வாயத் திறந்து பேசேன்க்கா. பாதி வார்த்தை உன் பல்லுக்குள்ளேயே நிக்குது. போன்ல பேசினா எனக்கு ஒண்ணுமே விளங்கறதில்ல."

"பல்கடி வீட்டுக்காரிதானேடி நான்" என்று சிரித்தாள் தியமாந்தோ. வாயைத் திறக்காமல் சிரித்தாள்.

இன்னொன்றும் நடந்தது. நல்ல தலை கிடைக்காத ஒரு வாரம் லாம்ப்ரோஸ் கிழட்டுத் தாய்ப்பன்றி ஒன்றின் தலையைக் கொண்டுவந்தான். ஆசிமினா மூட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இது ஆகாது. குருத்தெலும்பே இல்ல. குமிழ் தட்டையாகி எலும்பு கண்ணாடி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கு பாரு."

லாம்ப்ரோஸ் கட்டைவிரலை வைத்துத் தடவினான். "அடப்பாவமே. அதான் இது தொட்டிகிட்ட வந்து நின்னுட்டுத் தின்னாமத் திரும்பிப் போகுமாம். வித்தவன் சொன்னான், ராங்கி புடிச்ச பன்னின்னு."

"ராங்கியா? இதோட எப்படி மெல்லும்?"

"வாயில்லாப் பிராணி, எப்படிச் சொல்லும்?" என்றான் அவன். இருவரும் உச்சுக்கொட்டினார்கள். அந்தப் பன்றிக்காக ஒரு நிமிஷம் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். பிறகு காப்பி குடித்தார்கள். அன்று தியமாந்தோ உயிரோடுதான் இருந்தாள், மலைமேல் அதே வீட்டில்.

அவள் இளைத்து இளைத்து, கடைசியில் ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிப் போனாள். தாங்க உடம்பில் ஒன்றுமில்லை.

மூன்று வருஷம் நெருங்கியபோது ஆசிமினா பின்கதவில் பேச்சை எடுத்தாள்.

"மே மாசம் தோண்டுறோம், அண்ணே."

"எதை?"

"அக்காவை."

லாம்ப்ரோஸ் வேன் கதவைச் சாத்தினான். "தோண்டுங்க."

"நீதான் கழுவணும்னு சொல்லிட்டுப் போனா."

"நானா? பூனையைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்லு."

"செத்தவளை இப்படிப் பேசாதே."

"செத்தா மட்டும்? என் மகளுக்குச் சம்பந்தி வீட்டுல இன்னிக்கும் பேரு என்ன தெரியுமா? 'பூனைக்குக் கறி போட்ட வீட்டுப் பொண்ணு.' நான் கேட்டனா அவகிட்ட மன்னிப்பு? அவ ஒரு வார்த்தை, 'தம்பி, தப்பா நினைக்காதேடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மலையேறி ஓடிப்போயிருப்பேன். வாயத் திறந்தாளா?"

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும். ஒருநாள் தலைகளை இறக்கி வைத்துவிட்டுக் காப்பி குடிக்காமலே போனான். ஆசிமினாவுக்குப் பயம் வந்தது. ஓர் ஆள் கடைசியாகக் கேட்டதைக் கொடுக்க முடியாமல் போனால், பெட்டியில் அடுக்கியபிறகும் அந்த எலும்பு அடங்காது என்பார்கள். அதை அவள் நம்பினாளா என்றால், நம்பவில்லை. ஆனால் பயந்தாள்.

பிப்ரவரியில் லாம்ப்ரோஸுக்கு நெஞ்சைப் பிளந்து இதயத்தில் வைத்தியம் செய்தார்கள். சாவு வாசலைத் தட்டிவிட்டுப் போனால் மனுஷனுக்குப் பெருந்தன்மை வந்துவிடும். ஈஸ்டர் முடிந்ததும் அவன் மனைவி ஃபோட்டினி போன் செய்தாள். "வர்றாராம், நாத்தனாரே. கோட்டுக்கு இஸ்திரி போடச் சொல்லிட்டார். மதுவும் அவரே வாங்கிட்டார், கடையில இருந்ததிலேயே விலை கூடுனது."

அந்தச் சனிக்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தில் சைப்ரஸ் மரங்களுக்குக் கீழே கூட்டம் கூடியிருந்தது. லாம்ப்ரோஸ் மெலிந்திருந்தான், கோட்டுத் தோள் தொங்கியது. ஆனாலும் நிமிர்ந்து வந்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பாதிரியார் தனாசிஸிடம் சொன்னான்: "சாமி, செத்தவகிட்ட என்ன கோபம்? நான் மன்னிச்சுட்டேன். கடவுளும் அவளை மன்னிக்கட்டும்."

"நல்ல மனசு" என்றார் பாதிரியார்.

"பெரிய மனசு" என்றார்கள் பெண்கள். லாம்ப்ரோஸின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஓர் இளைப்பாறல் தெரிந்தது. சுமையை இறக்கி வைத்தவனின் முகம். ஆசிமினா அதைப் பார்த்தாள். தோண்டி முடிந்தால் அக்கா வார்த்தையும் நிறைவேறும், அண்ணனும் நிம்மதியாக வீட்டுக்குப் போவான் என்று நினைத்தாள்.

பக்கத்து வீட்டு ஸ்தமாதா குழிக்குள் இறங்கினாள். அவளுக்குக் கைராசி உண்டு, எலும்பு உடையாமல் எடுப்பாள். மண்வெட்டியை விட்டுவிட்டுக் கையால் துழாவினாள். மேலே நின்ற பெண்கள் ஒப்பாரியை மெல்லத் தொடங்கினார்கள். முதலில் மண்டையோடு வந்தது. தேன் நிறம். "தங்கமாட்டம் இருக்கா, பாருங்கடி" என்று ஒருத்தி விசும்பினாள். கறுத்திருந்தால்தான் ஆத்மாவுக்குக் கேடு என்பார்கள். லாம்ப்ரோஸ் அதை வாங்கி முத்தமிட்டு, செம்புத் தொட்டியில் மதுவை ஊற்றிக் கழுவினான். "வாடி என் அக்கா" என்றான், சத்தமாக, நல்ல குரலில்.

அடுத்து கீழ்த்தாடை தனியாக வந்தது. ஸ்தமாதா அதை ஆசிமினாவிடம் நீட்டினாள்.

ஆசிமினா மண்ணைத் தட்டினாள். அவள் கை தானாகவே, வேலை செய்யும் பழக்கத்தில், அதைத் திருப்பி மூட்டுக் குமிழைப் பார்த்தது. வலப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இடப்பக்கம் குமிழே இல்லை. உருண்டையாக இருக்க வேண்டிய இடம் சப்பையாகி, ஓரம் காளான்போல வெளியே பிதுங்கியிருந்தது. நடுவில், மண்ணுக்குள் மூன்று வருஷம் கிடந்தும், ஒரு பொட்டு பளபளவென்று மின்னியது. எலும்போடு எலும்பு உரசி உரசி மெருகேறிய இடம்.

அது ஒரு மாதத்தில் வருகிற மெருகு இல்லை. ஒரு வருஷத்திலும் வராது. அந்த ஈஸ்டருக்கு எவ்வளவோ முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாய் சோற்றுக்கும், ஒவ்வொரு கொட்டாவிக்கும், போனில் பேசிய ஒவ்வொரு பேச்சுக்கும். 'வாயத் திறந்து பேசேன்க்கா.'

ஆசிமினாவின் காதில் ஒப்பாரி நின்றுபோனது.

இத்தனை வருஷமும் இதே மூட்டில்தான் அவள் விரல் இருந்தது. ஈரத்துணியில் சுற்றிக் குழந்தையைப்போலப் பார்த்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பி, எதிரே உட்கார்ந்து ரஸ்க் ஊறக் காத்திருந்தவளின் காதுக்கு முன்னால் ஒரு விரலை வைத்து, 'வாயைத் திறந்து மூடுக்கா' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விரலுக்கே கேட்டிருக்கும், மணல் அரைபடுகிற சத்தம்.

"கொடுடி" என்றான் லாம்ப்ரோஸ், மது சொட்டும் கையை நீட்டி.

அவள் கொடுக்கவில்லை. நேரே பெட்டிக்குள் வைத்துத் துணியால் மூடிவிடலாம் என்று தோன்றியது. அவளே கழுவிவிடலாம். யாருக்குத் தெரியும்? தைத்த நெஞ்சோடு நிற்கிறான். மன்னித்தவனாக வந்தான், மன்னித்தவனாகவே வீட்டுக்குப் போகட்டும். மன்னிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை, கேட்க வேண்டியதுதான் இருந்தது என்று ஒருவனுக்கு எழுபது வயதில் காட்டி என்ன ஆகப்போகிறது?

"என்னடி நிக்கிறே? கொடு."

லாம்ப்ரோஸ் கழுவட்டும். அவள் சொன்னது அதுதான். ஆசிமினா கழுவட்டும் என்று அவள் சொல்லவில்லை.

கொடுத்தாள்.

அவன் தொட்டியில் முக்கினான். மதுவில் மண் கரைந்தது. பற்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தான், மிஞ்சியிருந்தவை கொஞ்சம்தான். "இவ்ளோ சின்னத் தாடையா உனக்கு?" என்று எலும்போடு பேசிக்கொண்டே போனான். கட்டைவிரல் மேலே ஏறி மூட்டுக்கு வந்தது. நின்றது. அங்கேயே இருந்தது. இன்னொரு முறை தடவியது. அடுத்த பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பவும் இந்தப் பக்கம் வந்தது.

பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். லாம்ப்ரோஸ் தாடையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

"ஆசிமினா" என்றான், மிகத் தாழ்ந்த குரலில்.

"ம்."

"அந்தக் கிழட்டுப் பன்னி."

"ம்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"இப்பத்தான், அண்ணே."

"பொய் சொல்லாதே."

"அம்மா மேல சத்தியம். இப்பத்தான்."

அவன் அவளைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். "நாம ரெண்டு பேரும்" என்று தொடங்கினான். "வேற யாரா இருந்தாலும் பரவாயில்ல. நாம ரெண்டு பேருமாடி?"

அந்தத் தாடையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். மது கறுத்து, வேறு ஊற்றி, அதுவும் கறுத்தது. மற்ற எலும்புகளை ஸ்தமாதா எடுத்து எடுத்துக் கொடுக்க, ஆசிமினாதான் கழுவினாள். பாதிரியார் மெல்ல வந்து, "போதும் லாம்ப்ரோஸ், சுத்தமாயிடுச்சு" என்றார்.

"இல்ல சாமி."

"சுத்தமாயிடுச்சுப்பா. வெள்ளையா இருக்கு."

"நான் கல்லெறிஞ்ச மாதிரி பேசினேன் சாமி. எல்லார் முன்னாடியும். அவ மெல்ல முடியாமத்தான்..." என்று சொல்லி, தாடையை இஸ்திரி போட்ட கோட்டோடு சேர்த்து நெஞ்சில் அழுத்திக்கொண்டான். அப்போதுதான் அழுதான். சற்றுமுன் 'வாடி என் அக்கா' என்ற நல்ல குரலில் இல்லை. தொண்டை கிழிகிற, அசிங்கமான ஓர் அழுகை. ஃபோட்டினி ஓடிவந்து தையல் பிரிந்துவிடப்போகிறது என்று கையைப் பிடித்து இழுத்தாள். ஏன் அழுகிறான் என்று அவளுக்கும் தெரியவில்லை, கூட்டத்துக்கும் தெரியவில்லை. "பாசம்" என்றாள் ஸ்தமாதா. "எவ்ளோ பெரிய மனசு பாருங்க" என்றார்கள் பெண்கள்.

எல்லோருக்கும் வேகவைத்த கோதுமையை மாதுளை முத்தும் சர்க்கரையும் கலந்து கைநிறையக் கொடுத்தார்கள். ஆத்மாவுக்காகத் தின்பது அது. லாம்ப்ரோஸ் வாயில் போட்டுக்கொண்டான். மெல்லவில்லை. கன்னம் உப்பியபடி வெகுநேரம் நின்றுவிட்டு, சுவரோரம் போய்க் கையில் எடுத்தான். அங்கேயே மண்ணில் புதைத்தான். அதை ஆசிமினா மட்டும் பார்த்தாள்.

தியமாந்தோ தெரிந்துதான் அப்படிச் சொன்னாளா என்று அவள் பிறகு யோசித்துப் பார்த்ததுண்டு. வாயால் சொல்ல முடியாததைத் தம்பியின் கட்டைவிரல் ஒருநாள் படித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாளா? இல்லை, தான் மென்று ஊட்டி வளர்த்த பிள்ளை தன்னைத் தொட்டால் போதும் என்றுதான் கேட்டாளா? அக்கா பழிவாங்குகிறவள் இல்லை. அதுமட்டும் நிச்சயம். மற்றதைக் கேட்க ஆள் இல்லை.

லாம்ப்ரோஸ் கொஞ்சநாள் வரவில்லை. வேறு ஆள் தலைகளைக் கொண்டுவந்தான். கோடை தொடங்கியபிறகு ஒரு வாரம் அவனே வந்தான். மாணவர்கள் என்று கேலி பேசவில்லை. காப்பியும் வேண்டாம் என்றான். பின்கதவைத் தாண்டி, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உள்ளே வந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

"இதுதானா?"

"இதுதான்."

உலோக விரல் இறங்கியது. கோடு ஏறி, நின்று, இறங்கத் தொடங்கியது. லாம்ப்ரோஸ் கண்ணெடுக்காமல் பார்த்தான். ஆசிமினா விரலைத் தூக்கினாள். பொட்டளவு வட்டம் நடுவில் குழிந்து கிடந்தது.

"எழுமா?"

"நேரம் கொடுத்தா எழும்."

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையிலிருந்த கோட்டில் ஓர் அசைவும் தெரியவில்லை. வெளியே வேனில் ஐஸ் உருகிச் சொட்டியது.

"அண்ணே, கடை தொறக்கணுமில்ல? இதுக்கு ரொம்ப நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றான் லாம்ப்ரோஸ். "நீ உன் வேலையப் பாரு. நான் இருக்கேன்."